காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேனைக் குறைக்கும் முறை

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவில் அதுவே மிகக் குறைந்த அளவு. அந்தப் பனியை உருக்கும் வெப்பத்தில் மீத்தேன் என்ற வாயுவுக்கும் பங்குண்டு. 20 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு அளவிலேயே காற்றில் சிதைந்துவிடுவதால், இன்று குறைப்பதன் பலன் விரைவில் தெரியும். காற்றில் கலந்தபின் அது எந்த ஊர் வாயு என்ற பேதமில்லை என்பதால், நம் நெல் வயலும் இந்தக் கணக்கில் அடங்கும்.

தண்ணீர் நிற்கும் நடவு வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் எழும். அவற்றில் மீத்தேன் இருக்கிறது. பிராணவாயு புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன, அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே இடையிடையே மண்ணுக்குள் காற்றைப் புகவிடுவதே தீர்வு. இதைத்தான் நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறார்கள்.

மண்ணுக்குள் நீர்மட்டத்தைப் பார்க்க ஒரு குழாய் வேண்டும். 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் கொண்ட பிவிசி குழாய் அல்லது மூங்கில் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிடுங்கள். மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், வரப்பை ஒட்டி, பாதி மண்ணுக்குள் இறங்கும்படி அதை ஊன்றி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின், களை மிகுந்திருந்தால் இன்னும் சற்றுப் பொறுத்து, தண்ணீரைக் காயவிடலாம். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். மேல்மண் வெடிப்பு கண்டதும் பலருக்கு மனம் பதறும். வேர் ஈரத்தில்தான் நிற்கிறது என்பதைக் குழாய்க்குள் எட்டிப்பார்த்தாலே அறியலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் வயல் காயக்கூடாது, காய்ந்தால் பதர் மிகும்.

காயவிடும் வயலில் தழைச்சத்து, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடாகப் போகக்கூடும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், பயிருக்குத் தேவையான அளவைப் பல தவணையாகப் பிரித்து இடுவது நல்லது. பச்சை வைக்கோலை நடவுக்குச் சற்று முன் சேற்றில் மிதித்துவிடுவதும் மீத்தேனைப் பெருக்கும். மட்கிய தொழு உரமே உசிதம்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் சம்பாப் பட்டத்தில் வயலைக் காயவைப்பது நம் கையில் இல்லை. பம்புசெட் பாசனத்தில் செய்யும் குறுவைக்கும் நவரைக்குமே இம்முறை நன்கு பொருந்தும். உவர் நிலத்தில் இதைத் தவிர்த்துவிடலாம். முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் கிடைக்கும் நாள் உறுதியில்லாத கடைமடைக்காரரிடம் வயலைக் காயவிடச் சொல்வது நியாயமும் அன்று.

அறுவடை இயந்திரம் இறங்கும் முன் குழாயைப் பிடுங்கிக் கழுவி வைத்தால், அடுத்த பட்டத்துக்கும் அதுவே போதும்.