2147483647 பகா எண்தானா? பைத்தானில் 29 தட்டு

காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அக்கா பையன் ஆரம்பித்தான்: "மாமா, 2147483647 பகா எண்ணாமே, யாரு வகுத்துப் பார்த்தா?" 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிரூபித்துவிட்டார் என்று சொல்லித் தப்பித்தேன். அப்புறம் சத்துவாச்சாரி வந்து நானே சரிபார்க்க உட்கார்ந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

இந்த எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைவு, மெர்சென் வகை. இதற்கென்றே லூக்காஸ்-லெமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு தடவை குறைவாகச் செய்து, கடைசியில் 0 வந்தால் பகா எண்.

முதலில் தாளில் 31-ஐப் போட்டுப் பாருங்கள். அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை: 4, 14, 8, 0. சரியா?

எக்செல் வேண்டவே வேண்டாம். 15 இலக்கத்துக்கு மேல் அது தாங்காது. நமக்கு வரும் வர்க்கங்கள் 19 இலக்கம் வரை போகும். பைத்தான் 3 என்ற நிரல்மொழியைத் திறந்து இப்படி அடியுங்கள் (தமிழ் எழுத்தை அது தாராளமாக ஏற்கும்):

ம = 2**31 - 1
எ = 4
எ = (எ*எ - 2) % ம; எ

இரண்டு நட்சத்திரம் முக்கியம். 2^31-1 என்று அடித்தால் பிழை எதுவும் காட்டாமல் 28 என்று சொல்லும்!

இனி மேல் அம்புக்குறி, என்டர். கடைசி வரி மொத்தம் 29 தடவை ஓட வேண்டும். நான் கவிழ்ந்தது இங்கேதான். எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே போனேன்; திரையில் 2, 2, 2 என்று நின்றுவிட்டது. பகா எண்ணே இல்லை போல என்று நினைத்துவிட்டேன். உண்மையில் 0-வைத் தாண்டிப் போயிருக்கிறேன். 0-க்கு அடுத்து 2147483645, அதற்கடுத்து 2. 2-இன் வர்க்கத்தில் 2 போனால் மறுபடி 2தானே.

ஆகவே 65536 வருகிறதா என்று பாருங்கள். அது 28-ஆவது தட்டு. அதன் வர்க்கம் 2-இன் 32-ஆம் அடுக்கு, மீதி 2. அதில் 2 கழித்தால் 0. தட்டுவதை நிறுத்துங்கள்.

தோற்கும் எண்ணையும் பார்க்க ஆசையா? முதல் வரியில் அடுக்கு 11 போட்டு, எ-யை மறுபடி 4 ஆக்கி, கடைசி வரியை ஒன்பது தடவை தட்டுங்கள்: 1736. 2047 என்பது 23 × 89.

பின்சேர்க்கை: அடுக்கு 2 போட்டால் 3 தோற்கிறதே என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தவறு என்னுடையது. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.