பிற்காலக் கிரேக்க உரையாசிரியர்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை ரோமிலும் ஏதென்சிலும் அலெக்சாந்திரியாவிலும் தத்துவம் கற்பித்தவர்கள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியை அரிஸ்டாட்டிலுக்கும் பிளேட்டோவுக்கும் உரை எழுதுவதிலேயே செலவிட்டார்கள். போர்ஃபைரி, சிரியானஸ், புரோக்ளஸ், அம்மோனியஸ், ஃபிலோபோனஸ், சிம்ப்ளிசியஸ், ஒலிம்பியோடோரஸ் என்று நீளும் அந்த வரிசையைப் புதிதாகப் படிக்க வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வழக்கமான வேலைகளில் ஒன்று. எங்கள் தலைமுறை மாணவர்களாக இருந்தபோது செய்து, ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பிழைகள் இன்றைய கட்டுரைகளிலும் மாறாமல் வருவதைப் பார்த்த பிறகு, அவற்றில் சிலவற்றையாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஆண்டு மாறிப்போவது, பெயர் எழுத்துப் பிழையாவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டினால் அவை சரியாகிவிடும்.

529இல் எல்லாம் முடிந்தது என்று எழுதுவது

"பிளேட்டோ நிறுவிய அகாதமியை 900 ஆண்டுகளுக்குப் பிறகு பேரரசர் ஜஸ்டினியன் 529இல் மூடினார், அத்துடன் கிரேக்கத் தத்துவம் முடிந்தது" என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளின் முதல் பக்கத்திலும் இருக்கிறது. கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்சைக் கைப்பற்றிய காலத்தோடு பிளேட்டோவின் அகாதமி நிறுவனம் என்ற அளவில் தொடர்ச்சி அறுந்துபோனது. 529இல் ஏதென்சில் இருந்தது, 432 அளவில் இறந்த ஏதென்சின் புளூட்டார்க் வளர்த்தெடுத்து, சிரியானஸ், புரோக்ளஸ் ஆகியோர் வழியாக டமாஸ்கியஸின் கைக்கு வந்து சேர்ந்த ஒரு தனியார் பள்ளி. அங்கிருந்த எழுவர் பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவைக்குச் சென்றதையும், 532இல் ரோமானியருக்கும் பாரசீகருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் அவர்கள் அச்சமின்றித் திரும்பி வாழ வழிசெய்யும் விதி ஒன்று சேர்க்கப்பட்டதையும் வரலாற்றாசிரியர் அகத்தியாஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த எழுவரில் ஒருவரான சிம்ப்ளிசியஸின் பேருரைகள் இந்தத் திரும்புதலுக்குப் பின் எழுதப்பட்டவை என்றே ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். ஒலிம்பியோடோரஸோ 565இல்கூட அலெக்சாந்திரியாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆண்டில் தோன்றிய வால்மீனைப் பற்றித் தம் உரையிலேயே குறிப்பிடுகிறார். முடிந்துபோனதாகச் சொல்லப்படும் ஆண்டுக்குப் பிறகுதான் நமக்குக் கிடைத்துள்ள உரைகளில் மிகப் பெரியவை எழுதப்பட்டன என்பதை மறந்துவிட்டு இத்துறையில் எதையும் எழுத முடியாது.

பெயரை வைத்து ஆளை முடிவு செய்வது

புளோட்டினஸின் ஆசிரியரான அம்மோனியஸ் வேறு, ஹெர்மியாஸின் மகனான அம்மோனியஸ் வேறு. இருவருக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் இடைவெளி உண்டு. புளூட்டார்க் விஷயமும் அப்படித்தான்: வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் வேறு, மேலே சொன்ன ஏதென்சின் புளூட்டார்க் வேறு.

யார் பேசுகிறார் என்று பாராமல் மேற்கோள் எடுப்பது

இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரு வாக்கியத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ஒரு முழு இயலையே கவிழ்த்துவிடும். ஒரு மாணவர், சிம்ப்ளிசியஸ் தம் கடைசிக் காலத்தில் வானுலகம் அழியக்கூடியது என்ற கருத்துக்கு வந்துவிட்டார் என்று நிறுவும் இயல் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். மொழிநடை நன்றாக இருந்தது. சான்றுகளும் பக்க எண்களோடு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சான்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை அனைத்தும் சிம்ப்ளிசியஸ் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய ஃபிலோபோனஸின் சொற்கள் என்பது தெரிந்தது. பல மாத உழைப்பு. அதில் மிச்சமானது நூற்பட்டியல் மட்டும்தான்.

அந்த இடத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். வானத்தைப் பற்றிய நூலின் முதல் பகுதியில், விண்பொருள்கள் நிலம், நீர், காற்று, தீ என்ற நான்கிலும் சேராத ஐந்தாவது பொருளால் ஆனவை என்றும், வட்ட இயக்கமே அதன் இயல்பு என்றும், அந்த இயக்கத்துக்கு எதிரான இயக்கம் இல்லாததால் அதற்குத் தோற்றமும் அழிவும் இல்லை என்றும் அரிஸ்டாட்டில் வாதிடுகிறார். உலகம் ஒரு காலத்தில் படைக்கப்பட்டது என்று நம்பிய கிறிஸ்தவரான ஃபிலோபோனஸ், இந்த ஐந்தாவது பொருளையே மறுத்துத் தனியாக ஒரு நூல் எழுதினார். சிம்ப்ளிசியஸ் அரிஸ்டாட்டிலின் அதே பகுதிக்கு உரை எழுதும்போது, அந்த மறுப்பு நூலைத் துண்டு துண்டாக எடுத்துவைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். எடுத்துக்காட்டு தொடங்கும் இடத்தில் "என்கிறார்" என்ற ஒற்றை வினை மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் வாக்கியத்தின் நடுவில் ஒளிந்திருக்கும். கையெழுத்துப் படிகளில் இன்று நாம் பயன்படுத்தும் மேற்கோள் குறிகள் கிடையாது. அச்சுப் பதிப்பில் காணப்படுபவை பதிப்பாசிரியரின் தீர்மானம். எடுத்துக்காட்டு எங்கே முடிகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு எழுவதற்கு இதுவே காரணம்.

போதாக்குறைக்கு, சிம்ப்ளிசியஸ் தம் எதிரியை ஃபிலோபோனஸ் என்ற பெயரால் அழைப்பதைத் தவிர்த்து, பெரும்பாலும் "இலக்கணக்காரர்" என்றோ வெறுமனே "இவர்" என்றோ குறிப்பிடுகிறார். எங்கள் மாணவர் மின்னணுப் பிரதியில் ஃபிலோபோனஸ் என்ற பெயரைத் தேடியிருக்கிறார். எதிர்பார்த்த இடத்தில் அது கிடைக்காததால், அந்தப் பக்கங்களில் பேசுவது சிம்ப்ளிசியஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பத்துப் பக்கம் பின்னால் போய்ப் படித்திருந்தால், ஸீயசின் தெய்வப் பறவைக்கு எதிரே கரையும் காக்கைகள் என்ற கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் வரியை எடுத்து எதிரியின் மீது வீசும் இடம் கண்ணில் பட்டிருக்கும். அந்த மனிதரோடு தமக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை, அவரைத் தாம் பார்த்ததாகக்கூட நினைவில்லை என்று சொல்லிவிட்டு சிம்ப்ளிசியஸ் இப்படித் திட்டுவது தனிச் சுவை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிலோபோனஸின் அந்த நூல் தொலைந்துவிட்டதால், நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சிம்ப்ளிசியஸ் கொடுத்த துண்டுகள் வழியாகவே வருகிறது. ஆகவே ஃபிலோபோனஸைப் பற்றி எழுதுபவர், பகைவர் தேர்ந்தெடுத்த பகுதிகளையே படிக்கிறோம் என்ற நினைவோடு எழுத வேண்டும். இதன் மறுபக்கம் 529ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஃபிலோபோனஸின் வேறொரு நூலில் இருக்கிறது. உலகம் என்றும் உள்ளது என்பதற்குப் புரோக்ளஸ் தந்த 18 வாதங்களை அவர் ஒவ்வொன்றாக முழுமையாக எடுத்துக் கொடுத்துவிட்டு மறுத்ததால்தான் அந்த வாதங்கள் நமக்குக் கிரேக்கத்தில் கிடைத்தன. நூலின் தொடக்கப் பக்கங்கள் அழிந்ததால் முதல் வாதத்தை மட்டும் அரபு மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டியிருக்கிறது.

எதிரியின் குரலைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆசிரியரின் குரல் இதைவிடக் கடினமானது. அரிஸ்டாட்டிலின் ஆன்மாவைப் பற்றிய நூலுக்கு ஃபிலோபோனஸ் பெயரில் உள்ள உரையின் தலைப்பே, அது அம்மோனியஸின் வகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட குறிப்புகள் என்றும், சில இடங்களில் தம் சொந்தக் கருத்துகளையும் சேர்த்திருப்பதாகவும் சொல்கிறது. எந்தச் சில இடங்கள் என்பதை அது சொல்வதில்லை. அம்மோனியஸ் தம் கைப்பட எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது கூற்றுகளைப் பற்றிய நூலுக்கான உரை ஒன்றுதான். அதன் தொடக்கத்திலும் அவர் தம் ஆசிரியர் புரோக்ளஸிடம் கேட்ட விளக்கங்களுக்குக் கடன்பட்டிருப்பதைச் சொல்லிவிடுகிறார். இந்த நிலையில் "அம்மோனியஸ் கருதுகிறார்" என்று எழுதுவதற்கு முன் சற்றுத் தயங்குவது நல்லது.

மூன்றாவது, முன்னோரின் குரல். இயற்கை பற்றிய நூலுக்கு அஃப்ரோடிசியஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாந்தர் எழுதிய உரை தொலைந்துவிட்டது. சிம்ப்ளிசியஸ் அதை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறார். சில இடங்களில் பெயர் சொல்லியும், சில இடங்களில் சொல்லாமலும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். பாரிசில் உள்ள ஒரு கையெழுத்துப் படியின் ஓரக்குறிப்புகளிலிருந்து அலெக்சாந்தரின் உரைத் துண்டுகள் பல 2011இல் பதிப்பிக்கப்பட்ட பின், ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்திருக்கிறது. அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளை அப்படியே நம்பிவிடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருக்கும். இயற்கை பற்றிய நூலுக்கான உரையில் ஃபிலோபோனஸ் முதலில் அரிஸ்டாட்டிலின் வாதத்தைப் பொறுமையாக, தாமே நம்புவதைப் போல விளக்குவார். பிறகு வெற்றிடத்தைப் பற்றிய தனிப் பகுதிக்கு வந்ததும், ஒன்றைவிட மற்றொன்று பல மடங்கு கனமான இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால், அவை விழும் நேரம் கனத்தின் விகிதத்தில் வேறுபடாது, வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும் என்று சொல்லி அதே அரிஸ்டாட்டிலைக் கவிழ்த்துவிடுவார். எறியப்பட்ட பொருளைப் பின்னாலிருக்கும் காற்று தள்ளுகிறது என்பதையும் மறுத்து, எறிபவர் பொருளுக்குள் ஓர் உந்து ஆற்றலைச் செலுத்துகிறார் என்பார். முதல் பகுதியிலிருந்து மட்டும் மேற்கோள் எடுத்தவர் ஃபிலோபோனஸை அரிஸ்டாட்டிலின் கிளிப்பிள்ளையாக எழுதுகிறார். இரண்டாம் பகுதியிலிருந்து மட்டும் எடுத்தவர் அவரைக் கலீலியோவுக்கு முன்னோடி என்று மாலை போடுகிறார். இருவரும் ஒரே நூலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்லும் மருந்து எளியது, ஆனால் சலிப்பூட்டுவது. மேற்கோள் எடுக்க விரும்பும் பத்தி அரிஸ்டாட்டிலின் எந்த மூல வரிக்கான உரையின் கீழ் வருகிறதோ, அந்த மூல வரியிலிருந்து தொடங்கி அடுத்த மூல வரி வரும் வரை முழுவதையும் படியுங்கள். பென்சிலால் ஓரத்தில் பேசுபவரின் பெயரின் முதலெழுத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எழுத்துப் போட முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி விழுந்த வாக்கியத்தை மட்டும் வைத்து எந்த முடிவையும் கட்டாதீர்கள்.

உரையைச் சுரங்கமாக மட்டும் பார்ப்பது

சாக்ரட்டீசுக்கு முந்தைய தத்துவஞானி பார்மெனிடீசின் கவிதையில் நம்மிடம் எஞ்சியிருக்கும் மிக நீண்ட பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சிம்ப்ளிசியஸ். அந்த நூல் அரிதாகிவிட்டதால் எழுதிவைப்பதாக அவரே காரணமும் சொல்கிறார். அப்படிப்பட்ட இன்னொரு பழைய தத்துவஞானியான எம்பெடோக்ளீஸ் விஷயத்தில் சிம்ப்ளிசியஸின் நேர்மைக்குச் சான்றும் உண்டு: 1999இல் வெளியான ஸ்ட்ராஸ்பூர்க் பாப்பிரஸ் துண்டுகளில் ஒன்று, அவர் எடுத்துக்காட்டிய வரிகளை ஒட்டி அப்படியே தொடர்கிறது. இதனால் பலர் பழைய வரிகளை வெட்டி எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள உரையைக் குப்பையாக ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த வரியை, எந்த வாதத்துக்காக, எந்த இடத்தில் அவர் எடுத்தார் என்பது அந்தக் குப்பையில்தான் இருக்கிறது.

எல்லாரையும் புதுப்பிளேட்டோவியர் என்று அழைப்பது

புளோட்டினஸ் காட்டிய வழியில் பிளேட்டோவைப் படித்தவர்களே புதுப்பிளேட்டோவியர். அலெக்சாந்தர் அவர்களில் ஒருவரல்ல, அரிஸ்டாட்டிலியர், கி.பி. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏதென்சில் அரசு ஊதியம் பெற்ற ஆசிரியர். அவர் ஏதென்சில் அப்பதவியில் இருந்ததை உறுதிப்படுத்தும் கல்வெட்டு அவருடைய ஊர்ப்பகுதியில் கிடைத்து 2004இல் வெளியிடப்பட்டது. தெமிஸ்டியஸ் கான்ஸ்டான்டினோப்பிளில் பேரரசர்களுக்கு முன் பேசிய சொற்பொழிவாளர். அவர் எழுதியவை வரிக்கு வரி உரையல்ல, பொழிப்புரை.

பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் இணக்கப்படுத்தியதை அறியாமை என்பது

அறியாமை அல்ல, பாடத்திட்டம். போர்ஃபைரியின் அறிமுக நூலில் தொடங்கி, அரிஸ்டாட்டிலின் அளவையியல் முதல் மெய்யியல் (மெட்டாஃபிசிக்ஸ்) வரை படித்துவிட்டு, அதன்பின் பிளேட்டோவுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரிசை. சிரியானஸிடம் புரோக்ளஸ் இரண்டு ஆண்டுகளுக்குள் அரிஸ்டாட்டில் முழுவதையும் படித்து முடித்ததாகப் புரோக்ளஸின் மாணவர் மரினஸ் எழுதுகிறார். முதல் படியும் மேல் படியும் ஒன்றோடொன்று மோதினால் அந்த வரிசையே நிற்காது. முரண்பாடு எங்கே என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சிரியானஸ் மெய்யியல் உரையில் அரிஸ்டாட்டிலோடு நேரடியாகச் சண்டை போடுகிறார்.

வகுப்பறையை மறப்பது

அலெக்சாந்திரியாவின் கோம் எல்-டிக்காவில் போலந்து அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்த சுமார் 20 பாட அறைகளில், சுவரையொட்டிக் கல் இருக்கைகள் படிபடியாக அமைந்திருக்கின்றன. ஒரு முனையில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. ஒலிம்பியோடோரஸின் உரைகள் இத்தகைய அறைகளில் நிகழ்ந்த பாடங்கள் என்பதை நினைவில் வைத்தால், ஒரு பகுதியின் பொதுவிளக்கம் முதலிலும் அதே பகுதியின் சொல் விளக்கம் பிறகும் வந்து, சொன்னதே மீண்டும் வருவதைக் கண்டு எரிச்சல்பட வேண்டியதில்லை. பிளேட்டோவின் கோர்கியாஸ் நூலுக்கு அவர் தந்த உரையில் மட்டும் 50 பாடங்கள் உள்ளன.

பாயிரத்தைத் தாண்டிச் செல்வது

தாண்டாதீர்கள். நூலின் நோக்கம், பயன், வரிசையில் அதன் இடம், பெயர்க்காரணம், அது அந்த ஆசிரியருடையதுதானா என்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அட்டையில் உள்ள பெயரை நம்புவது

1882 முதல் 1909 வரை பெர்லினில் வெளிவந்த, அரிஸ்டாட்டிலுக்கான கிரேக்க உரைகளின் பெரும் பதிப்பு வரிசை இன்றும் நம் அடிப்படை. ஆனால் மெய்யியல் நூலுக்கு அலெக்சாந்தர் பெயரில் அதில் உள்ள உரையில் முதல் ஐந்து பகுதிகளே அவருடையவை. மற்றவை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எபேசுவின் மிக்கேல் எழுதியவை என்று கருதப்படுகிறது. ஆன்மா பற்றிய நூலுக்கு சிம்ப்ளிசியஸ் பெயரில் உள்ள உரை லிடியாவின் பிரிஸ்கியனுடையது என்று பலர் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு முடியவில்லை. அதே நூலின் மூன்றாம் பகுதிக்கு ஃபிலோபோனஸ் பெயரில் உள்ள கிரேக்க உரையும் அவருடையதல்ல என்பதே பெரும்பான்மைக் கருத்து. அவருடைய உரையின் ஒரு பகுதி 13ஆம் நூற்றாண்டில் மூர்பெக்கேயின் வில்லியம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. மேற்கோள் காட்டும்போது பெயருக்குப் பின் "எனக் கருதப்படும்" என்று சேர்க்க வேண்டிய இடங்கள் இவை.