குளத்துப் பாசியை எண்ணும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் நொய்யல் குளம் ஒன்றுக்கு இரண்டு மாணவர்கள் என்னோடு வந்தார்கள். மிதவைப்பாசியை, அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை, எண்ணி அந்தக் குளம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்வது அவர்களுடைய ஆய்வு. பரிசலில் ஏறியதும் ஒருவர் பையிலிருந்து மிதவைப்பாசியை வடித்தெடுக்கிற புத்தம் புதிய பிளாங்க்டன் வலையை எடுத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நானும் அதே மாதிரி ஒரு வலையோடுதான் கிளம்பினேன்.

பாட்டிலில் தேதி எழுத மறப்பது, மூடி சரியாக மூடாதது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அவற்றை ஒரு முறை அனுபவித்தாலே திருந்திவிடுவோம்.

வலையில் வடித்ததை எண்ணிக்கைக்கு எடுப்பது

நல்ல வலையின் கண் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பழைய ஆய்வகங்களில் கிடக்கிற பட்டு வலை என்றால் 60 மைக்ரானுக்கும் மேல். குளோரெல்லா என்ற பாசியின் செல் 10 மைக்ரானைத் தாண்டுவதே அபூர்வம். க்ளாமிடோமோனாஸ், சின்ன கிரிப்டோமோனாஸ் எல்லாம் சல்லடையில் மாவு இறங்குவது போல இறங்கிப் போய்விடும். வலையில் தங்குவது மைக்ரோசிஸ்டிஸ் கூட்டம், பீடியாஸ்ட்ரம், செராசியம் மாதிரியான பெரிய உருப்படிகள்தான்.

சரி, எவ்வளவு தப்பியது என்று கணக்குப் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாமே என்பார்கள். முடியாது. 50 லிட்டர் ஊற்ற வேண்டும் என்று பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவீர்கள். பச்சைக் குளமாக இருந்தால் பாதியிலேயே வலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விளிம்பில் வழியும். அடைத்த வலையின் கண் இன்னும் சிறிதாகி, முதல் பக்கெட்டில் நழுவியது நான்காவதில் மாட்டும். ஆக, தப்பிக்கிற விகிதம் குளத்துக்குக் குளம், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும்.

நான் பன்னிரண்டு மாதம் இப்படித்தான் எண்ணினேன். கோடையில் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து கலங்கல் வழிந்த பிறகு அடியோடு விழுந்தது. ‘மழைக்குப் பின் குளம் தெளிவடைகிறது’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வேறு ஒரு சோதனைக்காக வடிகட்டாமல் லூகால் கரைசல் (பாசி கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) விட்டு வைத்திருந்த டிசம்பர் பாட்டில் ஒன்று அலமாரியில் கிடந்தது. சும்மா பார்ப்போமே என்று 10 மில்லியை உட்டர்மோல் கலத்தில் (பாசியை அடியில் படிய வைத்து எண்ணும் கலம்) ஊற்றி இரவெல்லாம் படிய விட்டேன். காலையில், அடியிலிருந்து பார்க்கிற தலைகீழ் நுண்ணோக்கியில் பார்த்தால், பார்வைப் புலம் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். தெளிவாவது ஒன்றாவது! வெள்ளம் பெரிய பாசிகளை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இடத்தை வேகமாகப் பெருகுகிற சிறுசுகள் பிடித்துக்கொண்டன. என் வலைக்கு அது தெரியவே இல்லை. ஒரு வருட உழைப்பில் மிஞ்சியது இனப்பட்டியல் மட்டும்.

எண்ணுவதற்கு வலை வேண்டாம். குழாய்ச் சேகரிப்பானால் மேலிருந்து சில அடி ஆழம் வரைக்குமான தண்ணீரை எடுங்கள். பாலில்லாத லேசான டீயின் நிறம் வரும் வரை லூகால் விடுங்கள். தலைகீழ் நுண்ணோக்கி இல்லாத ஆய்வகங்கள்தான் அதிகம். அங்கே ஒரு லிட்டரை அளவு உருளையில் இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேல்தண்ணீரை மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சி, அடியில் 50 மில்லி மட்டும் நிறுத்தி, அதிலிருந்து ஒரு மில்லியை செட்ஜ்விக்-ராஃப்டர் கலத்தில் (ஒரு மில்லி பிடிக்கும் எண்ணும் கண்ணாடி) சாதாரண நுண்ணோக்கியில் எண்ணலாம். வலையில் பிடித்ததை உயிரோடு பார்த்து இனம் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது அருமையான சாமான்.

மிதப்பதை மறப்பது

மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் காற்றுக் குமிழிகள் உண்டு. நீங்கள் இரண்டு நாள் படிய விட்டாலும் அது மேலேயே மிதக்கும்; உறிஞ்சி எடுக்கும்போது அதைத்தான் முதலில் கொட்டுவீர்கள். லூகால் விடுவதற்கு முன், கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, தக்கையை வைத்து மரச்சுத்தியால் ஒரு போடு போடுங்கள். அழுத்தத்தில் குமிழிகள் உடையும். பால் கலந்தது போலிருந்த பச்சை சட்டென்று கண்ணாடித்தன்மைக்கு வருவது கண்ணுக்கே தெரியும். கண்ணாடி பாட்டிலில் இந்த வீரம் வேண்டாம்.

கரையோரம் அள்ளுவது

காற்று கரையோரம் ஒதுக்கிய பாசி ஆடையை அள்ளிவிட்டு அதைக் குளம் என்று சொல்லாதீர்கள்.

கூட்டத்தை ஒன்று என்று எண்ணுவது

ஒரு மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்தில் ஆயிரம் செல்கூட இருக்கும். செல் கணக்கா, கூட்டக் கணக்கா என்று முதல் நாளே நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் செல்லின் அளவை வைத்து உயிர்க்கன அளவாக மாற்றுங்கள். ஒரு செராசியமும் ஒரு குளோரெல்லாவும் எண்ணிக்கையில் சமம் என்பது, யானையையும் எறும்பையும் தலைக்கு ஒன்று என்று எழுதுகிற கதை.

பால்மர் குறியீட்டை எதற்கும் பயன்படுத்துவது

நம் ஊர் ஆய்வேடுகளில் இது இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். 1969-இல் பால்மர் 20 பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தார். யூக்ளினாவுக்கும் ஆசிலட்டோரியாவுக்கும் 5, சீனடெஸ்மஸுக்கு 4. குளத்தில் கண்ட பேரினங்களின் மதிப்பெண் கூட்டுத்தொகை 20-ஐத் தொட்டால் கரிமக் கழிவு மிகுதி. அது கரிமக் கழிவுக்கான பட்டியல் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மைக்ரோசிஸ்டிஸ் அதில் அனாசிஸ்டிஸ் என்ற பழைய பெயருக்குள் அடங்குகிறது. மதிப்பெண் வெறும் 1. குளம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மைக்ரோசிஸ்டிஸ் மூடியிருந்தாலும் அதே 1 தான். மாடு குடிக்கப் பயப்பட வேண்டிய தண்ணீருக்கு ‘மாசு குறைவு’ என்று சான்று கொடுத்த அட்டவணையை நான் பார்த்திருக்கிறேன்.

ஷானன் குறியீட்டில் மடக்கையின் அடிமானம்

ஷானன் குறியீடு குளத்தில் எத்தனை வகை இனங்கள், எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வது; மடக்கை போட்டுக் கணக்கிடுவது. ‘3-க்கு மேல் சுத்தம்’ என்ற அளவு அடிமானம் 2-க்கு. இயல் மடக்கையில் 2.1 வந்தால் அதுவே அங்கே 3.03. எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரே ஒரு முறை போய் வருவது

வேண்டாம்.

பாட்டிலை ஜன்னலோரம் வைப்பது

வெளிச்சத்தில் அயோடின் போய்விடும். பழுப்பு பாட்டில், இருட்டு அலமாரி. நிறம் வெளுத்தால் இன்னும் சில சொட்டு. நான் சொன்ன அந்த டிசம்பர் பாட்டிலின் ஜோடி ஒன்று ஜன்னலில் இருந்தது. தூக்கிப் பார்த்தபோது நிறமில்லாத வெறும் தண்ணீராக நின்றது. அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு எதுவென்று சொல்ல முடியாத கசடு.