தொலைத்தொடர்புப் பங்குகளில் ஈவுத்தொகை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீசார்ஜ் செய்யாத வீடே இல்லை, ஆகவே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்தால் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை (டிவிடெண்ட்) வீட்டு வாடகை போல வந்துகொண்டிருக்கும், பங்கின் விலையும் கூடவே ஏறும் என்ற எண்ணத்தோடுதான் பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். ரீசார்ஜ் பற்றிய கணிப்பில் தவறில்லை. ஆனால் நாம் கட்டும் பணம் பங்குதாரரை எட்டுவதற்கு முன்னால், உரிமக் கட்டணமாக அரசுக்கும், ஏலத்தில் எடுத்த அலைக்கற்றைக்கான தவணையாக மறுபடியும் அரசுக்கும், வாடகையாகக் கோபுர நிறுவனத்துக்கும், வட்டியாகக் கடன் கொடுத்தவர்களுக்கும், தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் புதிய கருவிகளை விற்பவர்களுக்கும் போய்ச் சேருகிறது. ஈவுத்தொகை இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்த வரிசையை மறந்துவிட்டு வாங்குவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

ஈவுத்தொகை விகிதம் அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு பங்கை வாங்குவது மிகப் பழைய தவறு. ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு ஈவுத்தொகையைப் பங்கின் விலையால் வகுத்துத்தான் அந்த விகிதம் கணக்கிடப்படுகிறது. எனவே ஈவுத்தொகை ஒரு காசுகூட உயராமல், பங்கின் விலை மட்டும் சரிந்தாலே விகிதம் கவர்ச்சியாகிவிடும். பிரிட்டனின் வோடஃபோன் குழுமம் 2019-ல் தன் ஆண்டு ஈவுத்தொகையை ஏறத்தாழ 15 யூரோ சென்ட்டிலிருந்து 9 சென்ட்டாகக் குறைத்தது. அதன் பிறகும் பங்கின் விலை இறங்கிக்கொண்டே போனதால் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிக் காட்சி தந்தது, 2024-ல் அந்த 9 சென்ட்டும் பாதியாக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. 36 ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகையை உயர்த்தி, ஓய்வுபெற்றவர்களின் பங்கு என்று பெயர் எடுத்தது. டைரக்டிவி என்ற தொலைக்காட்சிச் சேவை நிறுவனத்தையும் டைம் வார்னர் என்ற ஊடக நிறுவனத்தையும் கடனில் வாங்கிய பிறகு, 2022-ல் அதுவும் ஆண்டுக்கு 2.08 டாலரை 1.11 டாலராகக் குறைத்தது. இவ்விரண்டு நிறுவனங்களிலும் கைபேசிச் சந்தாதாரர்கள் கூட்டமாக ஓடிப்போய்விடவில்லை, கடனும் முதலீட்டுச் செலவும்தான் பங்குதாரருக்கு முன்னால் போய் நின்றன.

இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது, அதனால் தவறும் வேறு வகையானது. இங்கே நன்றாக நடக்கும் நிறுவனத்தின் ஈவுத்தொகை விகிதம் மிகக் குறைவு. பாரதி ஏர்டெல் 2022-23-க்குப் பங்கு ஒன்றுக்கு 4 ரூபாய், 2023-24-க்கு 8 ரூபாய், 2024-25-க்கு 16 ரூபாய் என்று ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாக்கியது. செய்தியாகப் படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் பங்கு 1,900 ரூபாய் அளவில் இருந்தபோது 10 லட்சம் ரூபாயைப் போட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 526 பங்குகள் கிடைத்திருக்கும், அவற்றுக்கு 16 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 8,416 ரூபாய். மாதக் கணக்கில் 700 ரூபாய், அதாவது விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே. அதே நிறுவனம் 2021-ல் 535 ரூபாய்க்குக் கொடுத்த உரிமைப் பங்கின் (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமையாகத் தரும் புதிய பங்கு) விலையோடு ஒப்பிட்டால் அந்த 16 ரூபாய் ஏறத்தாழ 3 சதவீதம் ஆகிறது. ஆகவே இங்கே ஏர்டெல் போன்ற பங்கை வளர்ச்சிக்காக வாங்கலாம், ஈவுத்தொகை பல ஆண்டு பொறுத்தவருக்குப் பின்னால் வந்து சேரும். அடுத்த மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவர் இதை நம்பி வைப்புநிதியை உடைக்கக் கூடாது. இடையே ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு: அந்த உரிமைப் பங்குகள் விண்ணப்பத்தின்போது கால் பங்குத் தொகை மட்டும் கட்டி வாங்கப்பட்டவை. பகுதி செலுத்திய பங்குக்கு ஈவுத்தொகையும் கட்டிய அளவுக்கே, அதாவது 16 ரூபாய்க்குப் பதில் 4 ரூபாயே கிடைத்தது. விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தையில் அதை வாங்கிவிட்டு, பாக்கித் தொகை ஒன்று காத்திருப்பதை மறந்தவர்கள் உண்டு.

விலை குறைந்த பங்கைச் சல்லிசு என்று நினைப்பது இதைவிடப் பெரிய பள்ளம். வோடஃபோன் ஐடியாவின் பங்கு ஒற்றை இலக்க விலையில் கிடைத்ததால், ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்து, இறங்க இறங்க மேலும் வாங்கித் தங்கள் சராசரி விலையைக் குறைத்தவர்கள் ஏராளம். அரசுக்கான உரிமக் கட்டணத்தைக் கணக்கிட அடிப்படையாகும் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய், அதாவது ஏஜிஆர், எதை எதையெல்லாம் உள்ளடக்கும் என்ற வழக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் மீது தொலைத்தொடர்புத் துறை கணக்கிட்ட நிலுவை 58,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த நிலுவையும் அலைக்கற்றைக் கடனும் அழுத்த, நிறுவனம் 2024 ஏப்ரலில் 11 ரூபாய் விலையில் பொதுமக்களிடம் 18,000 கோடி ரூபாய் திரட்டியது. 2025 ஏப்ரலில் அரசு தனக்கு வரவேண்டிய அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடி ரூபாயைப் பங்காக மாற்றிக்கொண்டது. பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 3,695 கோடி புதிய பங்குகள் பிறந்தன, அரசின் பங்கு ஏறக்குறைய 49 சதவீதமானது.

இதன் பொருளைச் சிறிய கணக்காகப் பார்க்கலாம். முன்பு நிறுவனத்தில் 100 ரூபாய் அளவுக்கு உரிமை வைத்திருந்த ஒருவரின் உரிமை, அவர் ஒரு பங்கைக்கூட விற்காமலே 66 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மொத்தப் பங்குகள் 10,800 கோடி என்ற அளவில் இருப்பதால், பங்குக்கு வெறும் ஒரு ரூபாய் ஈவுத்தொகை கொடுக்க வேண்டுமானால்கூட 10,800 கோடி ரூபாய் ரொக்கம் வேண்டும். “அரசே உள்ளே வந்துவிட்டது, இனி மூழ்க விடமாட்டார்கள்” என்று சொல்பவர்கள் நிறுவனம் பிழைப்பதையும் சிறு பங்குதாரர் பிழைப்பதையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருக்கும் எம்.டி.என்.எல்., 2024-ல் வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவறியது. 2008 தொடக்கத்தில் 800 ரூபாயைத் தாண்டிய ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கோ 2019-ல் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனபோது சில ரூபாய்களில் கிடந்தது. அங்கும் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் சல்லிசு என்று வாங்கியவர்கள் இருந்தார்கள்.

சந்தாதாரர் எண்ணிக்கையை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நாட்டில் டேட்டா பயன்பாடு பல மடங்கு பெருகியது, நிறுவனங்களோ ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னல் இழந்தபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கடைகளின் வாசலில் நின்றவர்களுக்கு இது நினைவிருக்கும். கூட்டம் இருந்தும் கடை மூடப்பட்டது. பார்க்க வேண்டியது ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்குக் கிடைக்கும் சராசரி வருவாய், அதாவது ஆர்பு. ஏர்டெல்லுக்கு அது 2024 மார்ச் காலாண்டில் 209 ரூபாயாக இருந்து, 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் 2025 மார்ச் காலாண்டில் 245 ரூபாயானது. அந்த ஆண்டின் வளர்ச்சியில் கட்டண உயர்வின் கை ஓங்கியிருந்தது. அத்தகைய உயர்வு 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று இடைவெளி விட்டே வந்திருக்கிறது என்பதால், ஓர் ஆண்டின் வேகத்தை அப்படியே அடுத்த ஐந்தாண்டுக்கு நீட்டிக் கணக்குப் போடக் கூடாது.

லாப எண்ணை மட்டும் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். 2024 டிசம்பர் காலாண்டில் ஏர்டெல்லின் நிகர லாபம் முந்தைய ஆண்டின் 2,442 கோடியிலிருந்து 14,781 கோடி ரூபாயாகத் தாவியது. கோபுர நிறுவனமான இண்டஸ் டவர்ஸ் துணை நிறுவனமாக்கப்பட்டதால் வந்த கணக்கியல் ஆதாயமும் பிற ஒருமுறை இனங்களும் அதில் பெரும்பகுதி, அவை ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய ரொக்கம் அல்ல. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபமான எபிட்டாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரத்தின்படி கோபுர வாடகையின் பெரும்பகுதி செலவுக் கணக்கிலிருந்து தேய்மானத்துக்கும் வட்டிக்கும் இடம் மாறிவிட்டது. வாடகை வழக்கம்போல மாதாமாதம் போய்க்கொண்டிருக்க, எபிட்டா மட்டும் கொழுத்துத் தெரிகிறது. ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்டப் பட்டியலை எடுத்து, இயக்கச் செயல்பாட்டில் வந்த ரொக்கத்திலிருந்து கருவிகளுக்கும் அலைக்கற்றைக்கும் குத்தகைக்கும் வட்டிக்கும் போனதைக் கழித்துப் பார்ப்பதே நேரான வழி. 2022-ன் 5ஜி ஏலத்தில் ஏர்டெல் மட்டும் 43,084 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தது, அதற்குக் கட்டும் பணம் இந்தப் பட்டியலில்தான் தலைகாட்டும்.

கோபுர நிறுவனம் என்றால் வாடகை வருமானம், ஆகவே ஈவுத்தொகை நிச்சயம் என்ற நம்பிக்கையை இண்டஸ் டவர்ஸ் சோதித்தது. பாரதி இன்ஃப்ராடெல் என்ற பழைய பெயரில் இருந்த காலத்திலிருந்தே தாராளமாகக் கொடுத்துவந்த பங்கு அது. வாடகை கட்ட வேண்டிய பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவரான வோடஃபோன் ஐடியா பாக்கி வைத்ததும், 2022-23-ல் வராக்கடனுக்காகப் பெருந்தொகையை ஒதுக்க வேண்டி வந்து, ஈவுத்தொகை நின்றது. 2024-ல் நிலுவை வசூலாகத் தொடங்கியபோது நிறுவனம் 465 ரூபாய் விலையில் 2,640 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது. வழக்கமான ஈவுத்தொகையை எதிர்பார்த்திருந்தவருக்கு அது அதே பொருள் அல்ல. கட்டடம் எவ்வளவு உறுதியானாலும் குடியிருப்பவர் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களில் ஒருவரின் பணப்பையையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

யாருக்கு ஈவுத்தொகை என்று நிறுவனம் பட்டியல் எடுக்கும் பதிவுத் தேதியைத் துரத்துவது சிறிய தவறு, ஆனால் நானே செய்திருக்கிறேன். ஈவுத்தொகை அறிவித்த ஒரு பங்கைப் பதிவுத் தேதி அன்று காலையிலேயே வாங்கிவிட்டு, கணக்கில் பணம் வரும் என்று காத்திருந்தேன். இப்போது பங்கு மறுநாள்தான் டீமேட் கணக்குக்கு வருகிறது, ஈவுத்தொகை உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளும் பதிவுத் தேதியும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதால், அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். அப்படியே வாங்கியிருந்தாலும் பெரிதாக லாபம் இல்லை, ஏனெனில் பதிவுத் தேதியன்று ஈவுத்தொகை அளவுக்கு விலை இறங்கித் தொடங்குவது இயல்பு.

கடைசியாக வரி. 2020 ஏப்ரலுக்கு முன் நிறுவனமே ஈவுத்தொகை வரியைக் கட்டிவிடும், இப்போது அது நம் மொத்த வருமானத்தோடு சேர்ந்து நம் வரிப் படியில் வருகிறது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வரி, பிடிக்கும். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று எண்ணி, கணக்குத் தாக்கலில் காட்டாமல் விட்டவர்களுக்கு வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அதே தொகை பளிச்சென்று காத்திருக்கும். மேலே பார்த்த 526 பங்குகளின் 8,416 ரூபாய்க்கு டிடிஎஸ் கிடையாது. ஆனால் 30 சதவீதப் படியில் இருப்பவர் கூடுதல் தீர்வையோடு (செஸ்) 2,626 ரூபாய் வரி கட்டிய பிறகு, 10 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஆண்டு முழுவதும் அவர் கையில் நிற்பது 5,790 ரூபாய்.