வெள்ள வரைபடத்தில் விட்டுப்போகிறவர்கள்: ஆற்று வெள்ளப் பாதிப்பை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த ஊருக்குக் கரை கட்டுவது, எங்கே மதகு வைப்பது, யாரை முதலில் வெளியேற்றுவது, எந்த நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிடுவது என்று ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டம் சொல்லும். அந்த முடிவுகள் எல்லாமே அதற்கு முன்னால் செய்த மதிப்பீட்டிலிருந்துதான் வருகின்றன. மதிப்பீட்டில் ஒரு தெரு விட்டுப்போனால் திட்டத்திலும் அது விட்டுப்போகும். அது பல வருடம் கழித்து, தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் வெளியே தெரியும். அதனால் இந்த வேலையில் எங்கெங்கே சறுக்கல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது உயிர்களைக் காப்பாற்றும் காரியம்.

தண்ணீரை மட்டும் அளப்பது

வெள்ளம் எங்கே, எவ்வளவு ஆழத்துக்கு வரும் என்று காட்டும் வரைபடத்தையே பாதிப்பு வரைபடமாக எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெள்ளம் வருவது ஒன்று. அதன் பாதையில் ஆட்களும் சொத்தும் இருப்பது இன்னொன்று. அந்த ஆட்களால் தப்பிக்க முடியுமா, இழப்பைத் தாங்க முடியுமா, பிறகு மீண்டு வர முடியுமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்தின் அளவு தெரியும். முதலாவதுக்குக் கணினி மாதிரிகள் உண்டு, இரண்டாவதுக்குச் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. மூன்றாவதைத் தெருத்தெருவாகப் போய் விசாரிக்க வேண்டும். நேரமும் பணமும் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

2021 ஜூலை 14 இரவு ஜெர்மனியின் ஆர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அந்த ஆறு ரைன் நதியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் சின்ட்சிக். மேல்பக்கத்து ஊர்களில் மாலையிலேயே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சின்ட்சிக்கை அது எட்டியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. நடுவில் பல மணி நேரம் இருந்தும், அங்கிருந்த மாற்றுத்திறனாளிகள் இல்லத்தின் தரைத்தளத்தில் 12 பேர் மூழ்கி இறந்தார்கள். மாடியில் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆழ வரைபடத்தைப் பொறுத்தவரை அந்தக் கட்டடம் மற்றக் கட்டடங்களைப் போல ஒரு கட்டடம், அவ்வளவுதான். அங்கே யார் தூங்குகிறார்கள், தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள், இரவில் அவர்களைத் தூக்கிப் போக எத்தனை பேர் வேண்டும், எச்சரிக்கை யாருடைய தொலைபேசிக்கு வரும் என்ற நான்கு கேள்விகளும் மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்க வேண்டும். முதியோர் இல்லம், மருத்துவமனை, விடுதி, மாடியில்லாத ஒற்றைத்தள வீடுகள் நிறைந்த குடியிருப்பு என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

குறுகிய பதிவை நம்பி நீண்ட காலத்துக்குத் திட்டமிடுவது

அதே ஆர் ஆறு இன்னொரு பாடமும் சொல்கிறது. அங்கே ஆற்றின் அளவைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதியில். அந்தப் பதிவை வைத்துக் கணக்கிட்டபோது, நூறாண்டு வெள்ளம் என்பது விநாடிக்குச் சுமார் 240 கன மீட்டர் என்று வந்தது. வெள்ள அபாய வரைபடம் அதை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் 1804-லும் 1910-லும் பெருவெள்ளங்கள் வந்து ஏராளமானோர் இறந்திருக்கிறார்கள். 1804 வெள்ளத்தின் பழைய நீர்மட்டக் குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தபோது விநாடிக்கு ஆயிரம் கன மீட்டருக்கும் மேலே வந்தது. 2021 வெள்ளத்துக்கு முன்பே அந்தக் கணக்கு அச்சில் இருந்தது. அளவுகோல் வைத்து அளந்த எண் இல்லை என்பதால் 1804, 1910 இரண்டும் புள்ளியியல் கணக்கில் சேரவில்லை.

இது ஏதோ ஒரு நாட்டின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. அளந்த தரவு எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு அதைப் பிடித்துத் தொங்குவது இந்தத் துறையின் பழக்கம். கோயில் சுவர், பாலத்தூண், பழைய கட்டடங்களின் வாசல் ஆகியவற்றில் செதுக்கிய வெள்ளக்கோடுகள், ஊர்ப் பதிவேடுகள், ஆற்றுப்படுகையில் அடுக்கடுக்காகப் படிந்த வண்டல் எல்லாமே சான்றுகள்தான். ஜெர்மனியின் பாஸாவ் நகரத்துப் பழைய நகரமன்றச் சுவரில் பல நூற்றாண்டு வெள்ளங்களின் உயரம் குறிக்கப்பட்டிருக்கிறது. 2013-ல் அங்கே வந்த வெள்ளம் 1501-க்குப் பிறகு வந்தவற்றிலேயே பெரியது என்று சொல்ல முடிந்தது அப்படிப்பட்ட பதிவுகளால்தான். துல்லியம் குறைவு என்பதற்காகச் சான்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிழை வரம்போடு சேர்த்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன.

அப்புறம், நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருடம் ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஏறத்தாழ 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. பொதுமக்களுக்கான அறிக்கையில் இரண்டாவது எண்ணைப் போடுங்கள். மழையின் போக்கே மாறிவருகிற காலத்தில், பழைய பதிவை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டுவதும் சரிவராது. இப்போதைய நிலைக்கு ஒன்று, அதைவிடக் கடுமையான நிலைக்கு ஒன்று என இரண்டு கணக்காவது வேண்டும்.

கரைக்குப் பின்னால் இருப்பதைப் பாதுகாப்பானது என்று குறிப்பது

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. ஆற்றின் இரு பக்கமும் கரை இருக்கிறது, கரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு வெள்ளம் இல்லை என்று வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து அங்கே வீடுகளும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் எழுகின்றன. சிறு வெள்ளங்கள் வராததால் மக்களுக்குத் தண்ணீரோடு இருந்த பழக்கமும் போய்விடுகிறது. கடைசியில் கரை உடையும் நாளில், கரை கட்டுவதற்கு முன் இருந்ததைவிடப் பல மடங்கு மக்கள் அங்கே இருக்கிறார்கள். கரைகளே வெள்ள இழப்பைப் பெருக்கலாம் என்பதை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940-களிலேயே எடுத்துச் சொன்னார்.

கோசி ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலையிலிருந்து பெருமளவு மண்ணை அள்ளிக்கொண்டு வரும் ஆறு அது. கரைகளுக்குள் அடைபட்ட பிறகு அந்த மண் ஆற்றுப்படுகையிலேயே படிந்து, படுகை உயர்ந்துகொண்டே வந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. கோசித் தடுப்பணையின் வடிவமைப்புக் கொள்ளளவு விநாடிக்கு 9.5 லட்சம் கனஅடி. கரை உடைந்த அன்று ஓடியது சுமார் ஒன்றரை லட்சம் கனஅடிதான். ஆறு பழைய தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பல பத்தாண்டுகளாக வெள்ளத்தையே பார்த்திராத பீகார் மாவட்டங்கள் வழியாக ஓடியது. முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

வெள்ளம் கரையைத் தாண்டி வழியுமா என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தால் அந்த நாள் எந்த அட்டவணையிலும் வந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு கரைக்கும் தனியாக உடைப்புக் கணக்கு வேண்டும்: வலுவற்ற இடங்கள் எவை, அங்கே உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், அடுத்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், அங்கே படகு இருக்கிறதா, மேடு இருக்கிறதா? கரைக்கடியில் ஊற்றெடுப்பது, எலி வளை, மணல் கலந்த மண், பராமரிப்புப் பணம் வராத வருடங்கள் எல்லாமே இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. நெதர்லாந்து 2017 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தரநிலை இப்படித்தான் யோசிக்கிறது. எவ்வளவு உயர வெள்ளத்தைக் கரை தாங்கும் என்பதோடு நிற்காமல், கரை உடைந்துபோக எவ்வளவு வாய்ப்பு, உடைந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அது கேட்கிறது.

ஓர் ஊருக்குக் கட்டும் கரை எதிர்க்கரையிலும் மேல்பக்கத்திலும் நீர்மட்டத்தை ஏற்றிவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது. மதிப்பீடு ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் வடிநிலப் பகுதி முழுவதற்கும் நடக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். மாவட்ட எல்லையில் ஆறு நின்றுவிடுவதில்லை.

சராசரிக்குள் மறைந்துபோவது

பாதிப்பு நிலையை எண்ணாக்குவதற்கு இன்று எல்லோரும் குறியீட்டெண் போடுகிறார்கள். வருமானம், வயது, கல்வி, வீட்டின் வகை, மருத்துவமனைக்கு உள்ள தூரம் என்று பத்துப் பதினைந்து காரணிகளை எடுத்து, சமமாக எடை போட்டு, கூட்டி, வட்டாரத்துக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுகிறார்கள். படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் 1,000 வீடுகள் உள்ள வட்டாரத்தில் 940 உறுதியான மாடி வீடுகள், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் 60 குடிசைகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் அந்த வட்டாரம் பச்சை நிறம் வாங்கும். அந்த 60 குடும்பங்களும் காகிதத்தில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள், பட்டா இல்லாதவர்கள், பருவ வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பாதி மறைந்துபோகிறவர்கள். சராசரி அவர்களை முழுதாக மறைத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏழ்மை, கல்வியின்மை, ஓலைக்கூரை மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயத்தை மூன்று முறை எண்ணுகிறோம். எடைகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் பத்து இடங்களில் இருந்த ஊர்கள் தலைகீழாக மாறினால், அந்தப் பட்டியலை நம்பி நிதி ஒதுக்கக் கூடாது. எப்படி மாற்றினாலும் மேலேயே நிற்கும் ஊர்கள்தான் உறுதியானவை. ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணிகளையும் தனித்தனி வரைபடமாகக் கொடுத்தால், திட்டமிடுபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். முதியவர்கள் அதிகமான ஊருக்கும், வெளியேற ஒரே பாலம் உள்ள ஊருக்கும் தீர்வு வேறு வேறு.

இழப்பைச் சொத்து மதிப்பால் மட்டும் எண்ணுவது

கரை கட்டும் செலவையும் அது தவிர்க்கும் இழப்பையும் ஒப்பிட்டுத்தான் திட்டங்கள் தேர்வாகின்றன. இழப்பைச் சொத்து மதிப்பில் எண்ணினால், விலையுயர்ந்த வீடுகள் இருக்கும் பக்கத்துக்கே எப்போதும் கரை கிடைக்கும். ஒரு பெரிய வீட்டின் தரை விரிப்பும் மின்சாதனங்களும் நனைந்தால் வரும் தொகை, ஒரு சிறு குடும்பம் இரண்டு மாடுகளையும் விதைநெல்லையும் இழப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் முன்னவர் காப்பீட்டில் மீண்டுவிடுவார், பின்னவர் கடனில் விழுந்து எழ முடியாமல் போகலாம். இழப்பு அந்தக் குடும்பத்தின் எத்தனை மாத வருமானத்துக்குச் சமம் என்று இன்னொரு பத்தியும் அட்டவணையில் இருந்தால் படமே மாறும்.

நேரடி இழப்போடு நிறுத்துவதும் இதே வகைதான். 2011-ல் தாய்லாந்தின் சாவோ பிரயா சமவெளியில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. அயுத்தயா பகுதியின் தொழிற்பேட்டைகள் மூழ்கின. வன்தட்டு ஆலைகளும் அங்கே இருந்ததால், கணினி வன்தட்டுகளின் விலை உலகம் முழுவதும் ஏறியது. வேலை இழந்த தொழிலாளியின் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கவே வேண்டியதில்லை. ஆழத்தைப் போலவே எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

சுருக்கமாக இன்னும் சில

பெரிய ஆற்றையே பார்த்துக்கொண்டு துணையாறுகளை விட்டுவிடுவது. 2002 ஆகஸ்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தின் மைய ரயில் நிலையத்தை முதலில் மூழ்கடித்தது எல்பே நதி அல்ல, வைசெரிட்ஸ் என்ற சிற்றாறு. மனிதர்கள் திருப்பிவிட்டிருந்த தடத்தை விட்டு அது தன் பழைய தடத்துக்கே திரும்பியது. எல்பே உச்சத்தைத் தொட்டது சில நாள் கழித்து.

ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது வடிகால் மதகுகளை மூடியே ஆக வேண்டும். அந்த நேரம் ஊருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? கரை உடையாமலேயே ஊர் மூழ்குவது இப்படித்தான்.

மருத்துவமனை மேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருக்கலாம், அங்கே போகும் ஒரே சாலை தாழ்வாக இருக்கலாம், குடிநீர் ஏற்றும் நிலையம் ஆற்றங்கரையில் இருக்கலாம்.

வேகத்தை விட்டுவிட்டு ஆழத்தை மட்டும் எழுதுவதும் தவறு. முழங்கால் அளவு தண்ணீர் வேகமாக ஓடினால் பெரியவர்களே நிற்க முடியாது.

வரைந்து முடித்துவிட்டு மக்களிடம் காட்டுவது

அறிக்கை அச்சான பிறகு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பது சடங்காகப் போய்விடுகிறது. கேட்க வேண்டியது ஆரம்பத்தில். தண்ணீர் முதலில் எந்தச் சந்து வழியாக வரும், போனமுறை எந்தச் சுவர்வரை ஏறியது, எத்தனை மணிக்கு வந்தது, யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்தப் பெண்கள் முகாமுக்குப் போகத் தயங்கினார்கள், ஏன் தயங்கினார்கள் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் காட்டும் சுவர்க்கோட்டை அளந்து கணினி மாதிரியோடு ஒப்பிட்டால், மாதிரி எங்கே பிசகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒருமுறை செய்த மதிப்பீட்டை வருடக்கணக்கில் பயன்படுத்துவது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் கொண்டுவந்த வெள்ள வழிகாட்டு ஆணை, முதற்கட்ட மதிப்பீடு, வரைபடம், மேலாண்மைத் திட்டம் மூன்றையும் 6 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்கிறது. ஆனால் ஆறு நாள்காட்டியைப் பார்த்து மாறுவதில்லை. மேல்பக்கத்தில் காடு அழிந்தாலோ, புதுப் பாலமோ அணையோ வந்தாலோ, கரையை உயர்த்தினாலோ, வெள்ளச் சமவெளியில் புதுக் குடியிருப்புக்கு அனுமதி கொடுத்தாலோ, பெரிய வெள்ளம் ஒன்று வந்து போனாலோ, தவணை வரும்வரை காத்திருக்காமல் கணக்கைத் திரும்பத் திறக்க வேண்டும். இந்தப் பட்டியலையும், அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு எந்த அதிகாரியுடையது என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.