நூலகக் கணினியில் ஆதார் இறக்கிப் பிரின்ட் எடுக்கிறீர்களா?

பொது நூலகத்தின் கணினியில் பலர் செய்யும் வேலை இதுதான். பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அது மறப்பது பார்த்த பக்கங்களையும் லாகினையும் மட்டுமே. இறக்கிய கோப்பு கணினியிலேயே கிடக்கும்.

1. குரோம், எட்ஜ் என்றால் Ctrl, Shift, N மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸில் N-க்குப் பதில் P. ஏற்கெனவே திறந்திருக்கும் இன்காக்னிட்டோ ஜன்னல்களை முதலில் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் முன்னவரின் லாகின் உயிரோடு இருக்கும்.

2. மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போனதும், மாஸ்க்டு ஆதார் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். முழு எண் கட்டாயம் என்று கேட்கும் இடத்துக்கு மட்டும் முழு நகல்.

3. பிடிஎஃப் கோப்பை அதே இன்காக்னிட்டோ ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டுத் திறந்து, அங்கிருந்தே பிரின்ட் கொடுங்கள். அடோபி ரீடரில் திறந்தால் அதன் முகப்புப் பட்டியலில் கோப்பின் பெயர் தங்கிவிடும். பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. உங்களைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம்.

4. அதிகம் பேர் கோட்டை விடும் இடம் பிரின்டர். தாள் தீர்ந்து பிரின்ட் வராவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் ஆவணம் வரிசையில் காத்திருக்கும். யாரோ தாள் வைத்ததும் அவர் கையில் போய் விழும். திரையின் வலது கீழ் மூலையில் பிரின்டர் படத்தை இருமுறை அழுத்தி, உங்கள் கோப்பை ரைட் கிளிக் செய்து கேன்சல் கொடுங்கள்.

5. டவுன்லோட்ஸ் கோப்புறையில் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். பிறகு லாக் அவுட் செய்து எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைப் பார்த்து அதையும் வெளியேற்றுங்கள்.

இவ்வளவையும் வாசகர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வாசகரைப் பற்றித் தெரியவரும் தனிப்பட்ட செய்திகளை ரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே தன் நெறிமுறையில் எழுதியது. நூலகர்கள் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டால், ரீஸ்டார்ட் செய்ததும் கணினி பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் காலையில் போட்ட கணினியை மாலை வரை அணைக்காமல் விட்டால் பயனில்லை. ஒவ்வொருவர் எழுந்ததும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்களில், திருப்பிக் கொடுத்த புத்தகங்களின் பட்டியலும் உறுப்பினர் பெயரோடு சேர்ந்தே கிடக்கும். அதில் ஓபேக்பிரைவசி (OPACPrivacy) என்ற செட்டிங்கை நூலகர் இயக்கினால், அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று வாசகரே முடிவு செய்யலாம். அதற்கு முன் பெயரற்ற உறுப்பினர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் எண்ணை அனானிமஸ்பேட்ரன் (AnonymousPatron) என்ற செட்டிங்கில் கொடுத்திருக்க வேண்டும்.