குறைமாசக் குழந்தை வார்டுல இருக்கா? பால் விஷயத்த முதல் நாளே கவனிங்க

நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் குழந்தை ஒரு கிலோ, ஒண்ணரை கிலோன்னு பொறந்துட்டா குடும்பமே இன்குபேட்டர பாத்துட்டு நிக்கும், அம்மாவுக்குப் பால் ஊற ஆரம்பிக்கணுமேன்னு யாருக்கும் ஞாபகம் வராது. உறிஞ்சி, முழுங்கி, மூச்சு விடறது மூணும் குழந்தைக்கு ஒண்ணா கூடி வர கர்ப்பக் கணக்குல 32லருந்து 34 வாரம் ஆகணும், அதுவரைக்கும் ட்யூப்லதான் பால் போகும். ஆனா மார்பு அவ்வளவு நாள் காத்திருக்காது, எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

அதனால பொறந்த ஒரு மணி நேரத்துல, முடியலன்னா ஆறு மணி நேரத்துக்குள்ளயாவது பீச்ச ஆரம்பிங்க. முதல் ரெண்டு மூணு நாள் மெஷினோட கையும் வேணும், சீம்பால் கெட்டியா சொட்டுச் சொட்டா வரும், பம்ப்ல பாதி அதுலயே ஒட்டிக்கும். கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ, காம்புலருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி வெச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கமா அழுத்தி அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அமுக்கி விடுங்க. தோல் மேல விரல் வழுக்கக் கூடாது, வலிச்சா இடம் தப்பு, கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க. காம்புல திரளுற சொட்ட 1 மில்லி சிரிஞ்சால உறிஞ்சிடுங்க, அரை சொட்டா இருந்தாலும் சரி, சிஸ்டர் அத குழந்தையோட ரெண்டு கன்னத்து உள்பக்கமும் தடவுவாங்க. தடவலன்னா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

ஒரு நாளைக்கு 8 தடவைக்குக் குறையாம எடுக்கணும், ராத்திரியில ஒருவாட்டியாவது. ரெண்டு வாரத்துல நாளுக்கு 500 மில்லிய தாண்டினா கவலையே இல்ல, குறைவா இருந்தா அப்பவே வாயத் திறந்து சொல்லணும், மூணாவது மாசம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் வீட்டுப் பாட்டியும் பெரியம்மாவும். சீம்பால் மஞ்சளா இருக்கு கொட்டிடும்பாங்க, சேனை வெக்க தேனோட வருவாங்க. அன்புதான், ஆனா தேன் ஒரு வயசு வரைக்கும் எந்தக் குழந்தைக்குமே ஆகாது, கிரைப் வாட்டரும் வேணாம். அவங்கள பூண்டு ரசம் வெக்கச் சொல்லுங்க, அம்மா நல்லா சாப்பிடட்டும்.

குழந்தைய வெறும் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கற கங்காரு கேர் 1978ல கொலம்பியாவோட பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது, இப்ப 2022லருந்து உலக சுகாதார நிறுவனமே பொறந்த உடனே ஆரம்பிங்க, நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாதீங்கன்னு சொல்லுது. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, ரெண்டு மார்புக்கும் நடுவுல நிமித்தி வெச்சு துணியால கட்டிக்கணும். அப்பாவும் செய்யலாம், வெக்கப்பட ஒண்ணுமில்ல. இறக்கி வெச்ச உடனே பீச்சுங்க, நல்லா வரும். குழந்தை வாயால மார்பத் தேட ஆரம்பிச்சா, பீச்சி முடிச்ச மார்புல சும்மா சப்ப விடலாமான்னு சிஸ்டர்கிட்ட கேளுங்க.

உங்க பால் பத்தலன்னா பால் வங்கிப் பால் கிடைக்குமான்னு கேளுங்க, டர்பன்ல 2001லருந்தே இருக்கு, 62.5 டிகிரியில அரை மணி நேரம் சூடு பண்ணித்தான் குடுப்பாங்க. எச்ஐவி இருக்கற அம்மாக்கள், மாத்திரை ஒழுங்கா எடுத்தா இங்க பால் குடுக்கவே சொல்றாங்க, டாக்டர்கிட்ட மறைக்காம பேசுங்க.

லாட்ஜர் மதரா, அதாவது குழந்தைக்காக ஆஸ்பத்திரியிலயே தங்கற அம்மாவா, இருக்க இடமிருந்தா விடாதீங்க, ஃபீனிக்ஸ்லருந்தோ சாட்ஸ்வர்த்லருந்தோ தினம் டாக்ஸி ஏறி வர்றதா இருந்தா ஐஸ் பேக் போட்ட கூலர் பாக்ஸ்ல கொண்டு வாங்க, ஃபிரிட்ஜ்ல வெச்சது ரெண்டு நாளுக்குள்ள போய்ச் சேரணும். பாட்டில்ல பேர், தேதி, மணி எழுதலன்னா அந்தப் பால வார்டுல எடுத்துக்க மாட்டாங்க, அதனால மார்க்கர் பேனா ஒண்ணு பையிலயே கிடக்கட்டும்.